காய்ச்சல் என்று சொன்னார்கள்

என் வேனில் பதினொரு பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஒருத்திக்கு வளைவு வந்தால் வாந்தி வரும். ஒருத்தனுக்கு வாய் ஓயாது. இரட்டையர் இருவருக்கும் ஒரே ஜன்னல்தான் வேண்டும். காலை ஆறு மணிக்கு அலவத்துகொடயில் தொடங்கி, அக்குறணை, அம்பதென்ன, கட்டுகஸ்தோட்டை என்று ஒவ்வொரு வாசலிலும் ஹோர்ன் அடித்து அள்ளிக்கொண்டு, பாலத்து நெரிசலைத் தாண்டி, ஏழேகாலுக்குள் கண்டியில் பள்ளிக்கூட வாசல்களில் கொண்டுபோய் இறக்க வேண்டும். பின்னேரம் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். பத்து வருடமாக இதுதான் என் வேலை. பெண் ஓட்டுகிற வேன் என்று நம்பித்தான் பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

நம்பியவர்களிடம் நான் ஒன்றை மறைத்திருந்தேன். எனக்குச் சீனி வருத்தம். ஐம்பது வயதுக்கு மேல் வந்து, மாத்திரையோடும் பாகற்காயோடும் சமாளிக்கிற வகை இல்லை. எட்டு வயதில் வந்தது. இன்சுலின் போடாவிட்டால் சில நாட்களுக்குமேல் தாங்காது. இப்போது வயது முப்பத்து மூன்று. இடையில் ஏ.எல். பரீட்சை எழுதினேன், சுரேஸைக் காதலித்துக் கட்டினேன், ஒரு மகளைப் பெற்றேன், கிளினிக் டொக்டரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டி லைசன்ஸும் எடுத்தேன். ஊசி போடுவது எனக்குப் பல் துலக்குவது மாதிரி. செய்யாமல் வெளியே கிளம்புவதில்லை, செய்தேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதுமில்லை.

மறைக்கக் கற்றுக்கொடுத்தது என் அம்மா. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் யார் கேட்டாலும் வயிற்றுவலி என்றுதான் சொல்ல வேண்டும். பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவான் என்பது அவருடைய பயம். பிறகு ஒரு தடவை நானே உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். வேறொருவருடைய வேனுக்கு டிரைவராகச் சேரப் போனபோது சொன்னேன். பிள்ளைகளோடு போகும்போது நீ விழுந்து கிடந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு சொந்த வேன் எடுத்தோம். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆனால் கவனத்தில் நான் குறை வைத்ததில்லை. வேனைக் கிளப்பும் முன் விரலைக் குத்தி, மெஷினில் சீனி அளவைப் பார்ப்பேன். நூறுக்குக் கீழே இருந்தால் பிஸ்கட் தின்று, ஏறும்வரை காத்திருப்பேன். அதற்காகவே அரை மணித்தியாலம் முன்னால் எழும்புவேன். பத்து வருடத்தில் ஒரே ஒரு நாள் மாவில்மடையில் கை நடுங்குவது போல இருந்து, வேனை ஓரங்கட்டிச் சீனித் தண்ணீர் குடித்தேன். பிள்ளைகளிடம் டயரில் காற்றுக் குறைவு என்றேன். பொய்தான்.

கட்டுகஸ்தோட்டையில் ஏறுகிறவள் சஞ்சீவனி. ஆண்டு மூன்று படிக்கிறாள். அவளுடைய அம்மா நிலூஷா கண்டியில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். அப்பாவுக்கு டவுனில் கடை. இது நடந்த மாதம் பிள்ளையில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். பெரிய போத்தல் நிறையத் தண்ணீரோடு ஏறுவாள். பாலம் தாண்டும் முன் அது காலியாகிவிடும். பிறகு மற்றப் பிள்ளைகளிடம் கை நீட்டுவாள். பின்னேரம் வரும் வழியில் சிறுநீர் கழிக்கப் பெற்றோல் செட்டில் நிறுத்தச் சொல்வாள், அங்கே போய் வந்து பத்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பாள். ஒரு நாள் சீட் நனைந்திருந்தது. அவள் அழுதாள். நான் சீட்டில் துணியைப் போட்டுவிட்டு, தண்ணீர் போத்தல் கவிழ்ந்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னேன். அவளுடைய யூனிபோர்ம் தோளிலிருந்து நழுவியது. அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இன்னும் மூன்று நாள் ஓட்டினேன்.

நாலாம் நாள் காலையில் நிலூஷாவிடம், பிள்ளை மெலிந்துபோனாள், ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் நல்லது என்று பட்டும் படாமலும் சொன்னேன். அவர் ஏற்கெனவே எல்லாம் செய்திருந்தார். உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று தினமும் செவ்விளநீர் கொடுத்தாராம். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்றாம். கண்ணூறு என்று கோயிலில் நூல் கட்டியிருந்தார். அது பிள்ளையின் மணிக்கட்டில் தொங்கியது. பலவீனம் தெளிய போத்தலில் குளுக்கோஸ் கலந்து விடுகிறேன் என்றார். ஏற்கெனவே சீனி கூடின உடம்புக்கு இன்னும் சீனி. என் அம்மாவும் என்னைத் தேற்றுவதற்கு இதைத்தான் செய்தார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும், அதோடு வேன் போகும். இவ்வளவையும் ஒரு ஹோர்ன் அடிக்கிற நேரத்துக்குள் யோசித்துவிட்டு, போத்தலில் வெறும் தண்ணீர் விடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கியரைப் போட்டேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வரும்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சஞ்சீவனியை அவளுடைய தோழி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏறியதும் சீட்டில் சரிந்து படுத்துக்கொண்டாள். மாவில்மடை தாண்டும்போது வாந்தி எடுத்தாள். வேனை ஓரத்தில் நிறுத்திவிட்டு, வளைவுப் பிள்ளைக்கு வைத்திருக்கும் பையோடு நான் பின்னால் போனேன். குனிந்தபோது அவளுடைய மூச்சு என் முகத்தில் பட்டது. அழுகத் தொடங்கிய அன்னாசிப்பழத்தின் வாடை, சீனி எல்லை மீறினால் வருவது. மூச்சு ஓடிவந்தவளுடையதைப் போல ஆழமாக இழுத்தது.

நிலூஷாவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, கூட்டத்தில் இருக்கிறேன், ஆறு மணிக்கு வந்துவிடுவேன், அதுவரைக்கும் கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுங்கள் என்று மெதுவான குரலில் சொல்லி வைத்துவிட்டார். அப்பாவுடைய போன் வேலை செய்யவில்லை.

என் சீட்டுக்குக் கீழே இருந்த மெஷின் பையை எடுத்தேன். ஊசியைப் புதிதாக மாற்றி, விரலைக் காட்டு, எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும் என்றேன். காட்டினாள். மெஷினில் எண் வரவில்லை. அறுநூறுக்கு மேலே போனால் அது எண்ணைக் காட்டாது, அளவு கடந்துவிட்டது என்று எழுத்தில் மட்டும் காட்டும். பத்துப் பிள்ளைகளும் சீட்டுகளின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாய் ஓயாத ரிஸ்கான், அக்குறணையிலிருந்து வருகிறவன், பத்து வயது, கேட்டான். "ஆன்ட்டி, இது உங்கட மெஷினா?"

"ஆமா."

"ஏன் வச்சிருக்கீங்க?"

"எனக்குச் சீனி வருத்தம் இருக்கு."

பத்து வருடம் பொத்திப் பொத்தி வைத்ததைச் சொல்ல அவ்வளவு நேரம்தான் எடுத்தது. பெற்றோரின் வட்சப் குழுவுக்கு, ஒரு பிள்ளைக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மற்றவர்கள் என்னோடு பத்திரமாக இருக்கிறார்கள், தாமதமாகும் என்று குரலில் அனுப்பினேன். பிறகு அந்த நெரிசலில் வேனைத் திருப்பினேன். பின்னால் இருந்த பஸ்காரன் என் பரம்பரையையே கூப்பிட்டுத் திட்டினான்.

ஆஸ்பத்திரியில் காவலாளி வேனை உள்ளே விட்டார். ரிஸ்கானிடம் யாரும் இறங்கக் கூடாது, நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெஷின் காட்டியதைச் சொன்னதும் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் பிள்ளையை வாங்கி, இரண்டு கைகளிலும் சேலைன் ஏற்றத் தொடங்கினார்கள். நிலூஷா முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தார். டொக்டர் பேசி முடித்துப் போன பிறகு நிலூஷா என் பக்கம் திரும்பினார்.

"யாரக் கேட்டு எம் புள்ளையோட விரலக் குத்துனீங்க?"

"யாரையும் கேக்கல மிஸ். எனக்கும் இருக்கு. எட்டு வயசிலருந்து இருக்கு. அதனாலதான் தெரிஞ்சது."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நீங்கதானே வேன் ஓட்டுறீங்க," என்றார். நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதை அந்த இடத்தில் கேட்டபோது வலித்தது.

பத்துப் பிள்ளைகளையும் வீடுகளில் இறக்கி முடிக்க இருட்டிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாயோ தகப்பனோ நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் இறங்கும்போதே வேன் ஆன்ட்டிக்குச் சீனி வருத்தமாம் என்று சொல்லிக்கொண்டே இறங்கியது. வாய் ஓயாதவன் ஒருவன் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தது தப்பு.

அடுத்த நாள் காலையில் குழுவில் நிலூஷா ஒரு வரி போட்டிருந்தார். சஞ்சீவனிக்கு வைரஸ் காய்ச்சல், இப்போது பரவாயில்லை, விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

அதை மூன்று தடவை வாசித்தேன். சுரேஸ் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளதை எழுதிப் போடு என்றான். எழுதினேன், அழித்தேன். பிள்ளை அவர்களுடையது. வருத்தமும் அந்தப் பிள்ளையினுடையது. அதை ஊருக்குச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஒரு வரியோடு நான் என்னவானேன் என்று பாருங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பயந்து அடுத்தவர் பிள்ளைக்கு ஊசி குத்தியவள், பத்துப் பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாசலில் காக்க வைத்தவள், மேலதிகமாகச் சீனி வருத்தக்காரி.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எங்கள் வீட்டில் கூடினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கதிரைகள் வாங்கிப் போட்டோம். தேத்தண்ணி கொடுத்தேன், பாதிப் பேர் தொடவில்லை. ஒரு காய்ச்சலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இரட்டையரின் அம்மா கேட்டார். பிள்ளை நல்லாக இல்லை, அதனால் கொண்டுபோனேன் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்ற சுரேஸின் முகம் சிவந்துபோயிருந்தது. அவனுடைய வாயையும் கண்ணாலேயே அடைத்தேன்.

ரிஸ்கானின் வாப்பா சாஹுல் ஹமீது அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கிறவர். அவர் ஒருவர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். வண்டி ஓடும்போது மயக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். மயக்கம் வரும்வரை நான் விடுவதில்லை என்று சொல்லி, நான் எழுதிவைக்கும் கொப்பியை அவருடைய கையில் கொடுத்தேன். திகதி, நேரம், எண். வேனைக் கிளப்பும் முன் பார்த்தது, பள்ளிக்கூட வாசலில் பார்த்தது, திரும்பும் முன் பார்த்தது. மாவில்மடையில் நின்ற நாளையும் சொன்னேன், டயர்ப் பொய்யையும் சொன்னேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார்.

"தங்கச்சி, நீங்க முதல்லயே சொல்லியிருந்தா நான் மகன அனுப்பியிருக்க மாட்டேன். அது உண்ம. இப்ப மூணு வருஷமாப் பாத்துட்டேன்," என்றார்.

அவர் கொப்பியை அடுத்தவரிடம் நீட்டினார். சிலர் வாங்கிப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. நான்கு பிள்ளைகள் அடுத்த நாளிலிருந்து வேறு வேனில் போனார்கள். இரட்டையர் ஏறுகிற வாசலைக் கடக்கும்போது பழக்கத்தில் கை தானாக ஹோர்னுக்குப் போனது. நிறைய அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு கிழமை கழித்து நிலூஷா அம்பதென்னையில் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தார். மெலிந்திருந்தார். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், ஊசி போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், தனக்குத்தான் கை நடுங்குகிறது என்றார். நீங்கள் கொண்டுபோகாவிட்டால் அன்று இரவைத் தாண்டியிருக்க மாட்டாள் என்று டொக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவரை மன்னிக்கத் தயாரானேன்.

அப்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"திங்கக்கிழமையிலருந்து உங்க வேன்லயே அனுப்புறேன். உங்களுக்குத்தான் இது தெரியும். ஆனா யாருக்கும் சொல்லிராதீங்க. வேன்ல இருக்கிற புள்ளைங்களுக்கும் தெரிய வேணாம். பொம்பளப் புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கதிரையோடு தூக்கி வெளியே வைத்திருப்பேன். உங்கள் ஒரு வரியால் எனக்கு நான்கு பிள்ளைகள் போனார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவருடைய முகத்தில் இருந்தது என் அம்மாவின் பயம்தான். அதோடு சண்டை போட்டு நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. சரி என்றேன். ஒன்றை மட்டும் கேட்டேன். ஊசி போடுகிறவர்களுக்குச் சீனி சட்டென்று இறங்கவும் செய்யும், அதனால் நடுக்கமோ வியர்வையோ வந்தால் பிள்ளை உடனே என்னிடம் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்கிறேன், காதோடு சொல்லுவாள் என்றார். வேன் ஓட்டுகிறவளின் காதுக்கும் மூன்றாம் சீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் யோசிக்கவில்லை.

முதல் மூன்று நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. சஞ்சீவனி பையை மடியில் இறுக்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் போயிற்றா என்று கேட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். எட்டு வயதில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை அவளுடைய வகுப்புக்கு விளையாட்டுப் பயிற்சி இருந்தது. பின்னேரம் கண்ணாடியில் பார்த்தபோது அவளுடைய நெற்றி நனைந்திருந்தது. வெயில் இல்லை, மழைக் குளிர். உதடு வெளிறியிருந்தது. யூனிபோர்ம் பொத்தானைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என் கண்ணைச் சந்தித்தாள், உடனே ஜன்னலுக்குத் திரும்பிவிட்டாள். எனக்குப் புரிந்தது. சொன்னால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வேனை ஓரங்கட்டினேன். பின்னால் போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, நடுங்குகிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று உதட்டை அசைத்தாள். பார்க்கட்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையில்லை. என் முதுகால் மற்றவர்களை மறைத்துக்கொண்டு விரலைக் குத்தினேன். ஐம்பத்தெட்டு. சீனி இறங்கிவிட்டது. ஜூஸ் பெட்டியில் குழலைச் செருகிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். குடித்து முடித்தும் நாங்கள் அப்படியே இருந்தோம். கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

ரிஸ்கானால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "காய்ச்சல் திரும்ப வந்திட்டா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். என்ன பொய் சொல்லப் போனேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அதற்குள் சஞ்சீவனி குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

"காய்ச்சல் இல்ல. அன்னைக்கும் காய்ச்சல் இல்ல. எனக்குச் சீனி வருத்தம். ஆன்ட்டிக்கு இருக்கே, அதுதான்."

ஆறு பிள்ளைகளும் அதை யோசித்தார்கள். ரிஸ்கான்தான் முதலில் யோசித்து முடித்தான். "அப்ப நீயும் பெரிசானா வேன் ஓட்டலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "ஓட்டலாம்," என்றாள் அவனிடம். திரும்பி முன் சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கால் மணித்தியாலம் ஆனதும் அவளுடைய விரலை மறுபடி பார்த்தேன், எனதையும் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன.

கட்டுகஸ்தோட்டையில் நிலூஷா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தாமதம் என்பதால் முகம் பதறியிருந்தது. சஞ்சீவனி இறங்கும்போதே, "நான் சொல்லிட்டேன்மா," என்றாள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

நிலூஷா வேனைப் பார்த்தார். ஜன்னல்களில் ஆறு முகங்கள். ரிஸ்கான் கையைக்கூட ஆட்டினான். அவனுடைய வாப்பாவுக்கு இது இன்று இரவு தெரியும், மற்றவர்களுக்கு நாளைக்குத் தெரியும் என்பதை அவரும் கணக்குப் போட்டிருப்பார். குழுவில் போட்ட அந்த ஒரு வரியையும் நினைத்திருப்பார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பிள்ளையும் போய்விட்டாள் என்று காத்திருந்தேன்.

அவர் பிள்ளையின் நெற்றியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். வழக்கமாக என்னிடம் பேசும்போது சுற்றுமுற்றும் பார்ப்பார், அன்று பார்க்கவில்லை.

"எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஐம்பத்தெட்டு. இப்ப நூத்திப் பத்து," என்று நானும் அதே சத்தத்தில் சொன்னேன்.